கல்லடிப் பாலத்து நடையர்

நடையர் எனப்படுபவர் புளியந்தீவிலும் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் பரவலாகக் காணப்படும், ஐம்பதை அண்டிய அல்லது தாண்டிய, கிளினிக் கொப்பியில் 'நீரிழிவு' என்று எழுதப்பட்ட ஆண். அதிகாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் காந்திப் பூங்கா, கல்லடிப் பாலம், கல்லடிக் கடற்கரை ஆகியவற்றில் ஏதேனும் ஓரிடத்தில் இவரைக் காணலாம். மற்ற நேரங்களில் இவரை அடையாளம் காண்பது கடினம். சந்திக் கடையில் தீப்பெட்டி வாங்கவும் மோட்டார் சைக்கிளில்தான் போவார். பாலத்துக்கு வருவதும் மோட்டார் சைக்கிளில்தான். நடை அங்கே வந்து இறங்கிய பிறகு தொடங்குகிறது.

கல்லடியில் பாலங்கள் இரண்டு. 1924இல், ஆளுநர் வில்லியம் மானிங் காலத்தில் கட்டி அவர் மனைவியின் பெயரை வைத்த லேடி மானிங் பாலம் ஒன்று. அதன் பக்கத்திலேயே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் மற்றது. பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பஸ் ஏறினால் எதிரே வருவது காத்து நிற்கவேண்டியிருந்தது. மூன்று பேர் பக்கம் பக்கமாக, அரசியல் கதைத்துக்கொண்டு நடப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமாக இருக்கவில்லை. நடையர் பெருகியதற்குச் சீனி வருத்தம் ஒரு காரணம் என்றால் புதிய பாலத்தின் அகலம் இன்னொரு காரணம். மீன் பாடுகிற இடம் என்று ஊர் சொல்வதும் இதே நீர்ப்பரப்பைத்தான். அது நிலாக்கால இரவுக் கதை. விடியற்காலையில் நடையர்களின் குரலைத் தாண்டி எந்த மீனும் பாடி எடுபட முடியாது.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், நடையர் அரிது. அங்கே வயலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடப்பவர்கள் உண்டு. அவர்கள் அதற்கென்று சப்பாத்து வாங்குவதில்லை.

ஒருவர் நடையர் ஆவது கிளினிக்கில். வெறும்வயிற்று இரத்தத்தில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சீனி இருந்து, மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தால் அது நீரிழிவு. இந்த எண்ணை நடையர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்வார். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். (பாதி என்பது நடையரின் கணக்கு. 2005–2006இல் நாடளாவிய ஆய்வொன்று இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதம் என்று கண்டது.) அவர் ஏற்க மறுப்பது இடுப்பளவை. தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதற்கு மேல் போனால் ஆபத்து என்பது உலகம் ஒத்துக்கொண்ட கோடு. உடல் நிறைச் சுட்டெண்ணும் அப்படியே: வெள்ளைக்காரருக்கு 25இல் தொடங்கும் எச்சரிக்கை ஆசியருக்கு 23இலேயே தொடங்கிவிடுகிறது. காரணம், நம் ஆட்களுக்குக் கொழுப்பு கைகால்களில் தங்காமல் நேரே வயிற்றுக்குள் போய், ஈரலைச் சுற்றிக் குடியிருந்துவிடும். கையும் காலும் மெலிந்தவர் 'எனக்கென்ன, ஒல்லியான உடம்பு' என்று நம்பிக்கொண்டிருக்க, சாரம் மட்டும் வருடா வருடம் கீழே இறங்கிக் கட்டப்படும்.

"ஐயா, இடுப்பு நூற்றிநாலு."

"அது சாரத்துட மடிப்பு, மிஸ்ஸி."

மடிப்பை அவிழ்த்து அளந்தாலும் 103. மூன்று மாதத்தில் இவ்வளவு நிறை குறைக்கவேண்டும் என்று டொக்டர் துண்டில் எழுதிக் கொடுக்கிறார். அடுத்த நாள் காலை பாலத்தில் புதிய நடையர் ஒருவர் தோன்றுகிறார். சப்பாத்து வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பியது.

நடையர் தனித்து வாழ்வதில்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கச்சேரியில் இருந்த பிரதம லிகிதர் ஒருவர், காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர், இன்னும் வயது குறைந்ததால் 'தம்பி' என்று அழைக்கப்படும் வங்கி அலுவலர் ஒருவர் என்று கூட்டம் தானாகச் சேரும். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் இல்லை. வராதவருக்குப் போன் மட்டும் போகும். பாலத்தில் ஏறியதும் முதல் விசாரிப்பு சீனியின் அளவு. நேற்றைய கிரிக்கெட் ஸ்கோரைக் கேட்பதுபோல் "எத்தனை?" என்று கேட்கப்படும், "நூற்றி அறுபது" என்று சொன்னவருக்கு அனுதாபமும் "இருநூற்றிப்பத்து" என்று சொன்னவருக்கு மரியாதையும் கிடைக்கும். அதிபரின் வேகமே கூட்டத்தின் வேகம். அவர் முக்கியமான விசயம் சொல்லும்போது நின்று சொல்வார். அவருக்கு எல்லாமே முக்கியமான விசயம்.

நடையின் முடிவிடம் தேத்தண்ணிக் கடை. அங்கே நடையர் பத்தியத்தைக் கைவிடுவதில்லை. "எனக்குச் சீனி வேணாம்" என்று உரக்கச் சொல்வார். சொல்லிவிட்டு, "ரின்பால் மட்டும் போடுங்க" என்பார். ரின்பாலில் பாதிக்குக் கிட்டச் சீனி என்பது பேணியிலேயே எழுதியிருக்கிறது. பேணி கடைக்காரரின் பக்கம் இருப்பதால் வாசிக்கும் வாய்ப்பு அமைவதில்லை. கூடவே சூடான உழுந்து வடை. உழுந்து புரதம். அரைமணி நேரம் கதைத்துக்கொண்டு நடப்பதில் செலவாவது நூற்றுச் சொச்சம் கலோரி. தேத்தண்ணியும் இரண்டு வடையும் அதை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடும்.

வீட்டு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பாவக்காய்ச் சாறு, குறிஞ்சா இலைச் சுண்டல், இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பை. மூன்றும் மெற்போமின் மாத்திரைக்குப் பதிலாக எடுக்கப்படும்போது கெடுதல், அதை நம்பிச் சோற்றைக் கூட்டும்போது வீண்.

சோறு பெரிய விசயம். நடையர் சிவப்பரிசிக்கு மாறியவர். சிவப்பரிசியில் சீனி இல்லை என்பது அவர் முடிவு. ஆகவே வெள்ளையரிசியில் இரண்டு அகப்பை சாப்பிட்டவர் சிவப்பரிசியில் மூன்று சாப்பிடலாம். 'குறைச்சிட்டன்' என்பது நான்காவதை மறுத்ததைக் குறிக்கும். அந்த மறுப்பும் வீட்டில்தான் செல்லும். விருந்தில் "இன்னும் கொஞ்சம் வைங்க மச்சான்" என்று வைக்கப்படுவதைத் தடுப்பது வைத்தவரை அவமதிப்பதாகும். காத்தான்குடிக் கலியாணத்தில் நிலைமை இன்னும் வசதி: சஹனைச் சுற்றி ஐந்தாறு பேர் ஒரே தட்டில் சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பதைக் கண்டுபிடிக்க எந்த விஞ்ஞானமும் இல்லை. எல்லாம் முடிந்து எருமைத்தயிர்ச் சட்டி வரும். தயிர் குளிர்ச்சி, உடம்புக்கு நல்லது. பாணி இல்லாமல் தயிர் இறங்காது.

நடையரின் கூட்டத்தை ஒத்தது ஒன்று கடல் கடந்தும் உண்டு. நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெச் என்ற இல்லத்தரசி, நிறை குறைக்கத் தெண்டித்துத் தோற்றுப்போன சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினார். அதிலிருந்து 1963இல் 'வெயிட் வோச்சர்ஸ்' நிறுவனம் உருவானது. 1969இல் இங்கிலாந்தில் 'சிலிமிங் வேர்ல்ட்' வந்தது. அங்கேயும் கூடுவார்கள், கதைப்பார்கள், ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். ஒரேயொரு சடங்கு கூடுதல்: ஒவ்வொரு கிழமையும் தராசில் ஏறவேண்டும்.

அந்தக் கழகங்கள் உண்மையில் பயன்படுகின்றனவா என்று இங்கிலாந்தில் 1,267 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் 'லான்செட்' இதழில் வந்தது. புத்திமதியும் கைநூலும் மட்டும் பெற்றவர்கள் ஓராண்டு முடிவில் சராசரி 3.26 கிலோ குறைந்தார்கள். பன்னிரண்டு கிழமை கழகத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் 4.75 கிலோ, ஆண்டு முழுவதும் போனவர்கள் 6.76 கிலோ. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது குறைந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. முழுவதும் வரவில்லை. கழகம் பிரமாதமான மருந்தில்லை. ஆனால் துண்டில் எழுதிக் கொடுப்பதைவிட நிச்சயம் நல்லது.

சீனி வருத்தத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் கடுமை. 2017இல் வெளிவந்த 'டிரெக்ட்' என்ற பிரித்தானிய ஆய்வு, வருத்தம் வந்து ஆறாண்டுக்கு மேற்படாதவர்களுக்குச் சில மாதங்கள் வழக்கமான சாப்பாட்டை நிறுத்தி, நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி கொண்ட சூப்பும் கரைசலும் கொடுத்தது. ஓராண்டு முடிவில் 46 வீதமானோர் மாத்திரை இல்லாமல் சீனி கட்டுக்குள் நிற்கும் நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் இறக்கியவர்களில் அது 86 வீதம். இந்தச் செய்தி வட்ஸ்அப் வழியாகப் பாலத்தை அடைந்தபோது 'சீனி வருத்தம் மாறுதாம்' என்ற முதல் பாதி மட்டுமே வந்து சேர்ந்தது. 850 கலோரி என்பது ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறிச் சோறு ஒருவேளைக்கே காணாது.

நடையரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. சென்னையில் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வருத்தம் வரும் வாய்ப்பை 28.5 வீதம் குறைத்தன; அதுவும் சொல்லத்தக்க அளவு நிறை குறையாமலே. நடை தன்னளவில் வேலை செய்கிறது. தசை அசைந்தால் இரத்தத்துச் சீனியை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தராசின் அனுமதி வேண்டியதில்லை. இதை நடையரிடம் சொல்லும்போது கவனம் தேவை. அன்றைக்கு வடை மூன்றாகிவிடும்.

ஆகவே கல்லடிக் கூட்டத்திடம் கழகத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: ஒழுங்கு, சேர்மானம், வராவிட்டால் தேடும் ஆட்கள். இதற்காக வெளிநாட்டார் மாதாமாதம் காசு கட்டுகிறார்கள். இல்லாதது தராசு ஒன்றுதான், இல்லாமற் போனதும் தற்செயலாக அல்ல. வீட்டில் வாங்கிய தராசு அலுமாரிக்கு அடியில், பற்றறி தீர்ந்து கிடக்கிறது. கிளினிக் தராசு நடையரின் கருத்தில் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும். சப்பாத்தோடு ஏறினால் சப்பாத்துப் பாரம், கழற்றி ஏறினால் காலையில் குடித்த தண்ணீர். சீனி அளவைச் சொல்லக் கூச்சப்படாத மனிதர் நிறையைக் கேட்டால் கதையை மாற்றிவிடுவார். சீனி வருத்தம் விதி, நிறை அவருடைய சொந்த வேலை என்பது அவருக்கும் உள்ளூரத் தெரியும்.

பெண்களிடம் இது தலைகீழ். நடையரின் மனைவி பாலத்துக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் அவர் பிட்டு அவிக்கிறார். ஆனால் நிறை, இரத்த அழுத்தம், சீனி மூன்றையும் இலவசமாகப் பார்ப்பதற்கென்று சுகாதார அமைச்சு 2011இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடத்தும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களுக்கு நாடெங்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். ஆண்களை வரவைப்பதே அந்த நிலையங்களின் நீண்டகாலப் பிரச்சினை. மனைவி மூன்று மாதத்துக்கொருமுறை ஏறி இறங்குகிறார், கொப்பியில் எண் விழுகிறது, கூடினால் மிஸ்ஸி கேள்வி கேட்கிறார், அடுத்த மாதம் தேங்காய்ப்பால் கொஞ்சம் குறைகிறது. கழகம் செய்கிற வேலை இதுதான். குறைகிற தேங்காய்ப்பால் நடையரின் கறியிலும் குறைவதால், அவருடைய சீனி இறங்கினால் அந்தப் பெருமையின் ஒரு பங்கு பாலத்துக்கு உரியதில்லை.

கிழமைக்கு ஒரு நாள் அந்த நாலு பேரும் நடையை ஆஸ்பத்திரி வரைக்கும் நீட்டி, ஒருவர் முன்னால் ஒருவராகத் தராசில் ஏறி இறங்கினால் கல்லடியில் ஒரு கழகம் உருவாகிவிடும். அங்கே காசு கேட்பதில்லை. ஆண்கள் பக்கம் வரிசையும் இல்லை.