தற்காப்புக்கு எத்தனை கோடு?

இப்போதெல்லாம் கூலாயில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் சொன்னாலும், பக்கத்து மேசைப் பையன் கைப்பேசியைத் தடவி, ஜேடிடி கால்பந்து அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் நேற்று எத்தனை பந்தைப் பறித்தார், நூற்றுக்கு எத்தனை பந்தைச் சரியாகக் கொடுத்தார் என்று தே ஆறுவதற்குள் ஒப்பித்துவிடுகிறான். எழுபதுகளின் கடைசியில், எங்கள் தோட்டத்தில் அந்த வேலையை கிராணி வீட்டு ஜன்னல் வானொலியும், பாதி எழுதிய கணக்கு நோட்டும், நானுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோல் போடுகிறவர்களை ஒப்பிடுவது பெரிய வித்தையா? மொக்தார் டஹாரிக்கு மலேசியாவுக்காக 89 கோல் என்கிறது ஃபிஃபா கணக்கு, பேச்சு முடிந்தது. எங்கள் சண்டையெல்லாம் பின்வரிசையைப் பற்றித்தான். சோ சின் ஆன் உசத்தியா, சந்தோக் சிங் உசத்தியா? பால்வெட்டி முடித்த பெரியவர்கள் தொண்டையால் தீர்க்கப் பார்த்த வழக்கை நான் எண்களால் தீர்க்கப் புறப்பட்டேன். வானொலி வர்ணனையில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று இழுத்தால் ஐந்து. வர்ணனையாளர் இருமினால் அந்த நேரத்துத் தடுப்பெல்லாம் அவர் தொண்டையோடு போயிற்று. கோல் காவலர் ஆறுமுகத்துக்கு மட்டும் இரண்டிரண்டு கோடு: நீளமான கைகள், ஊரே ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்ட மனிதர், அதற்கும் மேலே நம்ம ஆள்.

நோட்டுப்படி சந்தோக் எப்போதும் முந்தினார். தவுக்கே என்று செல்லமாக அழைக்கப்பட்ட சோ சின் ஆனின் பெயர் அவ்வளவாக வராது. பந்து வரப்போகிற இடத்தில் முன்னாலேயே போய் நின்றுகொள்கிறவர் பக்கம் எதிராளி ஏன் வருகிறான்? பேஸ்பாலில் இரண்டாம் பேஸ் காவலர்களை எடைபோட்ட அமெரிக்கர்களும் இதே இடத்தில்தான் வெகுகாலம் திணறினார்கள். பாய்ந்து தொட்டு நழுவவிட்டவனுக்குப் பிழை எழுதுவார்கள். கிட்டேயே போகாதவன் சுத்தமானவன்.

1980-ல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று சாய்த்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, கத்திய கத்தலில் பென்சில் எங்கே போனதென்றே தெரியவில்லை. என் புள்ளிவிவரத்தில் அப்படியோர் ஆட்டமே நடக்கவில்லை. ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மலேசியா ஒதுங்கிக்கொண்டதால் அந்த அணி மாஸ்கோவுக்குப் போகவும் இல்லை. ஆனால் அதை வைத்து நாங்கள் போட்ட சண்டை அடுத்த தீபாவளி வரை தாங்கியது. இன்று 40,000 பேர் உட்காரும் ஜேடிடியின் சுல்தான் இப்ராஹிம் அரங்கில் பெரிய திரை இருக்கிறது, ஒவ்வோர் அசைவுக்கும் கணக்கு இருக்கிறது; சண்டைக்குத்தான் அரை நிமிஷத்துக்கு மேல் ஆயுசு இல்லை.

போன வாரம் அந்தப் பையனிடம் சோ சின் ஆனைத் தேடச் சொன்னேன். ஆட்டங்கள் 195 என்று வந்தது. பறித்தது, மறித்தது, தலையால் தள்ளியது எல்லாவற்றுக்கும் நேரே வெறும் சிறுகோடு. சந்தோக் சிங்குக்கும் அப்படியே.

"அப்போ ரெண்டு பேரும் சமமா, அங்கிள்?" என்றான்.

"யார் சொன்னது?" என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் எழுந்து வந்தார். மீ கோரிங் கேட்டவர்கள் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.