நீட்டிய கால்களும் நனைந்த பாயும்: ஒரு முதனிலை ஆய்வு

பாலக்காட்டு எல்லையிலுள்ள மீனாட்சிபுரத்தில், தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிக்கக் கேரள பால்வளத் துறை சாவடி போட்டிருக்கிறது. ஓணம் நெருங்கினால் டேங்கர் லாரிகளுக்குக் கெடுபிடி கூடும். பொள்ளாச்சி பஸ்ஸில் அம்மா மடியில் உட்கார்ந்து எல்லை தாண்டும் ஒன்றரை வயதுக்காரரின் சரக்கை மட்டும் யாரும் சோதிப்பதில்லை. அது எப்போது இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கருவி சாவடியிலும் இல்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

வீட்டில் கருவி ஒன்று இருக்கவே செய்கிறது, பெயர் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. வீட்டின் பின்புறப் பொடக்காலியில் தரையோடு உட்கார்ந்து, இரு கால்களையும் நீட்டி, நடுவே சற்று இடைவெளி விட்டு, பாதங்களின்மேல் குழந்தையைக் குந்த வைப்பார். பிள்ளையின் முதுகு அவர் முழங்கால் பக்கம் சாய்ந்திருக்கும். பிறகு மந்திரம்: "ஸ்ஸ்ஸ்... ஆய் போயிரு கண்ணு." பக்கத்தில் ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீர். மின்சாரம் வேண்டாம், உத்தரவாத அட்டையும் கிடையாது.

வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்கிறது உடலியல். அம்மிச்சி அதைப் படித்தவரல்ல; பால் டம்ளர் காலியானதும் காலை நீட்டிவிடுவார், அவ்வளவுதான். ஓசைக்கும் உடம்புக்கும் முடிச்சுப் போடும் வித்தையை ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களை வைத்துக் காட்டினார். அம்மிச்சியிடம் பேரன் இருந்தான்.

இதைப் போன்ற ஆசனம் கென்யக் கடலோரத்திலும் உண்டு. அங்குள்ள திகோ மக்களைப் பற்றி டெவ்ரீஸ் தம்பதியர் 1977இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதன்படி, தாய் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையை நடுவே வைத்து, 'ஷூஸ்' என்று ஒலி எழுப்புகிறார். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி, ஆறு மாதத்துக்குள் காரியம் பெரும்பாலும் கைகூடிவிடுகிறது. அம்மிச்சிக்கும் திகோ தாய்க்கும் கடிதப் போக்குவரத்து இருந்ததாகச் சான்றில்லை.

எதிர்க்கட்சி அமெரிக்காவில். 1961இல் பேம்பர்ஸ் டயப்பர் கடைக்கு வந்தது. மறு ஆண்டே குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 1,170 பிள்ளைகளின் விவரங்களை வைத்து, கழிப்பறைப் பழக்கத்துக்கு அவசரப்படாதீர்கள், பிள்ளை தயாராகட்டும் என்றார். அவர் கணக்கில் பகல் நேரப் பழக்கம் சராசரியாக 28.5 மாதத்தில் கைகூடியது. பின்னாளில் அவரே பேம்பர்ஸ் விளம்பரத்தில் தோன்றியதை ஆய்வாளர்கள் அவரவர் மனச்சாய்வுக்கேற்பப் படித்துக்கொள்ளலாம்.

இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. அளந்தது வேறு வேறு. திகோ வீட்டில் பழகியது பாதி பிள்ளை, பாதி தாய். முகம் சிவப்பதை, விளையாட்டு சட்டென நிற்பதை, மூலைக்குப் போய் முக்குவதைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் ஒருவர் நாள் முழுக்க அருகில் வேண்டும். பிரேசல்டனின் பிள்ளையோ தானே சொல்லி, தானே ஜட்டியைக் கழற்றி, தானே உட்கார வேண்டும். இன்று மீனாட்சிபுரத்து அம்மா வேலைக்குப் போகிறார், அம்மிச்சிக்கு மூட்டுவலி. ஆகவே மளிகைக் கடை வாசலில் டயப்பர் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. எந்தக் கம்பெனியானாலும் கேட்பது 'பேம்பர்ஸ்' என்றுதான். மூன்று வயதில் அங்கன்வாடி வாசல் தெரியும்போதுதான் வீட்டுக்குள் அவசரநிலை பிரகடனமாகிறது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றரை, இரண்டு வயதில் துணி இரண்டு மணி நேரம் நனையாமல் இருந்தால், பிள்ளை சொன்னதைப் புரிந்துகொண்டால், குந்தி எழுந்தால், தொடங்கிவிடலாம். கைதிபோல அரைமணி நேரம் மலச்சட்டியில் உட்கார வைப்பதில் பயனில்லை; ஐந்து நிமிடம் போதும். அதட்டினால் பிள்ளை அடக்கும், அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்கும்.

பகல் வசமானாலும் இரவு உடனே வசமாகாது. ஐந்து வயதுக்குப் பிறகும் அடிக்கடி நனைந்தால் டாக்டரிடம் காட்டலாம். அதற்கு முன் பாயை வெயிலில் காட்டினால் போதும்.