முட்டுக்கட்டை

நெஞ்சு வலித்ததும் நான் செய்துகொண்ட முதலுதவி ஒரு கோலி சோடா. அடுத்தது, இன்னொரு கோலி சோடா. வாயுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தெப்பமாய் நனைந்த சட்டையோடு பைக்கை எடுக்கப் போனேன். இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

மனைவி சாவியைப் பிடுங்கினாள். "பிரீமியம் கட்டப் போறீங்களா, கிளெய்ம் பண்ணப் போறீங்களா?"

திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஆம்புலன்ஸ். மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு, பலூனால் அடைப்பை விரித்து, பேனா ஸ்பிரிங் மாதிரி ஒன்றை இதயக் குழாயில் வைத்து அனுப்பினார்கள். "இனிமே நிதானம்" என்றார் டாக்டர், அடுத்த கட்டிலுக்கு ஓடிக்கொண்டே.

படுத்துக் கிடந்த நாட்களில், நன்றி சொல்ல ஆள் தேடினேன். குருன்ட்சிக் என்ற ஜெர்மன் டாக்டர் அகப்பட்டார். சூரிச்சில் தம் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து பலூன் குழாய்களைச் செய்து பார்த்து, 1977 செப்டம்பரில் 38 வயதுக்காரர் ஒருவரின் இதயக் குழாயை அப்படியொரு பலூனால் முதன்முதலாக விரித்துக் காட்டியவர். மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அடுப்பங்கரையிலயா? அந்த வீட்டம்மா என்ன பாடு பட்டாங்களோ!"

அந்த அம்மாளையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

இப்போது தினமும் கமலாலயக் குளக்கரையில் நடை. முன்பு என்னை முந்த இந்த ஊரில் பஸ்ஸுக்குக்கூட உரிமை கிடையாது. இப்போது கீரைக்காரப் பாட்டி கூடையோடு முந்திப் போகிறார். ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. பரண் ஏறக்கூடாது என்பதும் டாக்டர் உத்தரவாம். டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

எங்கள் ஊர் தியாகராஜர் கோயில் ஆழித்தேர் அன்றுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. அலங்கரித்தால் 96 அடி, எடை ஏறத்தாழ 300 டன். ஊரே கும்பிட்டு நிற்க, ஒரு வருஷம் 'இது எப்போ நகர்றது' என்று தியாகராஜரைப் பார்த்து ஹாரன் அடித்தவன் நான். இந்த முறை வடத்தைக்கூடப் பார்க்கவில்லை. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர் ஓரடி விலகினாலும் யார் வீட்டுத் திண்ணையாவது போய்விடும். அவர்களோ கட்டையைச் சொருகிவிட்டு வெற்றிலை போடுகிறார்கள். பக்கத்தில் மனைவி, மாத்திரை டப்பாவும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றாள். பைக் சாவி இன்னும் அவள் இடுப்பில்தான்.

திரும்பும்போது ஒரு பையன் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்தான். ஒதுங்கி வழிவிட்டேன். பாவம், பிரீமியத்துக்குக் கடைசி நாள் போலிருக்கிறது.