விழா நாயகனுக்கு விடுப்பு

டென்ஷன் இல்லாமல் குழந்தையின் முதல் பிறந்தநாளைக் கொண்டாட ஒரே வழிதான் உண்டு: குழந்தையை மண்டபத்துக்கு அழைத்துப் போகாமல் இருப்பது. ஒரு வயதில் நடந்தது எதுவும் பின்னாளில் நினைவில் நிற்பதில்லை. பெரும்பாலோரின் முதல் நினைவுகள் மூன்று வயதையொட்டித்தான் தொடங்குகின்றன. புதுமுகங்களைக் கண்டு மிரளுகிற பருவமும் இந்த ஒரு வயதுதான். அப்படிப்பட்ட ஜீவனுக்குக் கழுத்தில் குத்தும் ஜரிகை ஷெர்வானியை மாட்டி, வழக்கமாகத் தூங்கும் எட்டு மணிக்கு, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மேடையேற்றுகிறோம். கேமராமேன் கிலுகிலுப்பை ஆட்டி “இங்க பாரு கண்ணா” என்கிறார்; கண்ணன் வீறிடுகிறான். கேக்காவது உண்டா? இரண்டு வயது வரை சர்க்கரை மிகுந்த பண்டங்கள் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உதட்டில் தீற்றிய க்ரீமைத் துப்பும் குழந்தைக்கு அந்த அறிக்கையைப் படிக்காமலே விஷயம் தெரிந்திருக்கிறது.

“வளர்ந்த பிறகு ஆல்பத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுமே” என்பார்கள். பார்க்கும்தான், எல்லாப் படத்திலும் தான் அழுவதை. “நாம் வைத்த மொய் திரும்பி வர வேண்டாமா?” என்பது இதைவிட நேர்மையான வாதம், இதற்கு மறுப்பே கிடையாது. ஆனால் மொய் எழுதக் குழந்தை எதற்கு? வாசலில் ஒரு மேஜையும் கணக்குத் தெரிந்த ஒரு மாமாவும் போதும். ஆகவே பெற்றோர்களே, ஃப்ளெக்ஸில் குழந்தையின் படத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள். குழந்தையை வீட்டில் பாட்டியிடம் தூங்க விட்டுவிட்டு வாருங்கள். ரிட்டர்ன் கிஃப்டை மட்டும் மறந்துவிடாதீர்கள், வந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.