போரடித்த காலம்

அரையாண்டு விடுமுறைக்கு மதுரையிலிருந்து தாடிக்கொம்புக்கு வந்திருந்த சித்தப்பா மகன், இரண்டாம் நாளே திண்ணையில் காலை ஆட்டிக்கொண்டு, "போரடிக்குது அப்பத்தா" என்றான். "இன்னும் அறுப்பே ஆகலையேய்யா, அதுக்குள்ள யாரு போரடிக்கிறது?" என்று அப்பத்தா நிஜமாகவே கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்களுக்குப் போரடிப்பது என்றால் களம். சாணம் மெழுகிய தரையில் தாளைப் பரப்பி, மாடுகளைத் தாம்பில் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். மாடு வாலைத் தூக்கியதும் ஓடிப்போய், நெல்லில் விழாமல் ஒரு கை வைக்கோலில் சாணத்தை ஏந்துவது என் வேலை. வெதுவெதுவென்று அது கையில் விழும்போது சிரிப்பு வரும், ராத்திரி முழுக்க மேலெல்லாம் சுணை அரிக்கும், ஆனாலும் மறுநாள் விடியுமுன் களத்தில் நிற்பேன்.

அந்த இங்கிலீஷ் போரைப் பிறகு கல்லூரியில் சந்தித்தேன். டிக்கன்ஸ் 1852-இல் தொடராக எழுதத் தொடங்கிய 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில், மழை ஓயாத ஊரில், மாளிகைக்குள் லேடி டெட்லாக் சலித்துச் சலித்து உட்கார்ந்திருப்பாள். மழைக்கு வானத்தையே பார்த்துக் கிடக்கும் ஊர்க்காரனுக்கு அது விளங்க நாளாயிற்று. எங்கள் அலுப்பு உழைத்த உடம்பின் அசதி; சலிப்பு என்றாலே எனக்குச் சல்லடை ஓசைதான் கேட்கும். வெறுமனே இருந்தால், "பொழுது போகலை" என்போம். அது பொழுதின் பாடு. நமக்கு வந்த நோயில்லை.

இப்போது இயந்திரம் ஒரே மூச்சில் அறுத்து அடித்துவிடுகிறது, வைக்கோல் உருளையாகி லாரி ஏறுகிறது. இடுப்பு ஒடிந்த பெண்களுக்கு அது விடுதலை, மறுக்க மாட்டேன். ஆனால் போர் என்றால் இன்று ஆழ்துளைக் கிணறு. குடகனாற்றில் தண்ணீர் வற்ற வற்ற, ராத்திரியெல்லாம் வெள்ளைப் புழுதி கக்கும் லாரியைச் சுற்றி வீடே கண் விழித்து நிற்கிறது.

போன மாதம் சௌந்தரராஜப் பெருமாள் கோவிலில் நடை திறக்கக் காத்திருந்தோம். செல்போனில் சார்ஜ் தீர்ந்ததும், "போர் தாத்தா" என்றாள் பேத்தி. மண்டபத் தூணில் இரணியனோடு போரிடும் நரசிம்மர்முன் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு கையாக எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

"இரு தாத்தா" என்றாள்.