பனமரத்துப்பட்டி வட்டாரக் குளியலறைகளில் தேரை: ஒரு பன்முக நோக்கு

ஆய்வு எல்லை, ஜருகுமலையைப் பார்த்திருக்கும் பனமரத்துப்பட்டி வீடுகளின் குளியலறைகள். ஒருகாலத்தில் சேலம் நகருக்கே குடிநீர் தந்த இவ்வூர் ஏரியில் சீமைக்கருவேலம் மண்டியதால் தேரைகள் வீட்டுக்குள் குடியேறின என்பது கருதுகோள். ஏரி நிறைந்திருந்தாலும் தேரை வீட்டுக்குள் வரும் என்பதால் கருதுகோள் தவறு. ஆயினும் கருதுகோள் இல்லாத கட்டுரையை எந்த ஆய்விதழும் வாங்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஊரார் தேரை என்பதை நூலோர் மரத்தவளை என்பர். 1830இல் ஜான் எட்வர்ட் கிரே இதற்கு ‘ஹைலா மாக்குலாட்டா’ என்று பெயரிட்டார். 1890இல் பூலஞ்சே தம் பிரிட்டிஷ் இந்திய விலங்கு நூலில் ‘ராக்கோபோரஸ்’ பேரினத்துப் பிள்ளையாக்கினார். இன்று ‘பாலிபீடேட்ஸ் மாக்குலாட்டஸ்’. அறிஞர்கள் இத்தனை தடவை குடிமாற்றியும் தேரை தண்ணீர்த் தொட்டி ஓரத்தை விட்டு அசையவில்லை. இப்பெயர்களை வாசித்துக் காட்டியபோது அப்பாயி தெரிவித்த கருத்து: “ஏன்டா, பொண்ணு கேட்டா போகப்போறே? பேரு ஊரெல்லாம் விசாரிக்கறே!”

வகைப்பாடு வருமாறு. சுவர்த் தேரை: சுவரில் இருப்பது. குழாய்த் தேரை: தரவு போதாது. வாளித் தேரை: பார்க்காமல் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டவர்கள் அறிவர்.

இனி அடையாளம் காணல். நிறத்தை நம்பிப் பயனில்லை. வெளிறிய சாம்பலாக இருந்தது சற்று நேரத்தில் பழுப்பாகிவிடும். விரல் நுனியில் வட்டத் தட்டுகள் உண்டு. அவற்றால்தான் வழவழப்பான ஓட்டிலும் ஒட்டி நிற்கிறது. ஆனால் மரத்தவளைச் சாதிக்கே பொதுவான அதை வைத்து இன்ன இனம் என்று சொல்ல முடியாது. ஐயம் தீர்க்கும் சான்று பின்தொடையின் பின்புறத்தில் இருக்கிறது: கரும்பழுப்பு வலைப்பின்னலுக்கு நடுவே மஞ்சள் பொட்டுகள். இயற்கை முத்திரை குத்திய இடம்தான் ஆய்வுலகுக்குச் சோதனை. உட்கார்ந்தால் தொடை மடங்கிப் பொட்டு மறைந்துவிடும். தாவினால்தான் தெரியும். தேரை தாவும்போது ஆய்வாளரும் தாவிவிடுகிறார் (அப்பாயி, வாய்மொழி, திண்ணை). எதிர்த்திசையில் தாவுவதே வழக்கம் (அத்தை, மேலது). இருவரும் ஒரே திசையில் தாவிய நேர்வும் உண்டு, ஆய்வாளர் சோப்பின்மேல் கால்வைத்ததால் தரவு சிதைந்தது (அத்தை, மேலது, மறுப்பு: அப்பாயி, “அவன் சின்னதிலயே அப்படித்தான்”, அடுப்படி உரை, மறுப்புக்கு மறுப்பு: சித்தப்பா, கதவுக்கு வெளியே நின்று கூறியது, தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, கேட்ட பாதியும் அச்சேறத் தக்கதன்று).

இத்துறையின் முன்னோடி தேரையரே. அரசன் மண்டைக்குள் புகுந்த தேரையைத் தண்ணீர் காட்டிக் குதிக்கவைத்தார், அகத்தியரின் இந்தச் சீடர் என்பது கதை. அவரும் தொடையைப் பார்த்ததாகக் குறிப்பில்லை. பார்த்திருந்தால் முனைவர் பட்டமே கொடுத்திருக்கலாம். அதைவிடக் குறைவாகப் பார்த்தவர்களுக்கும் கொடுத்திருக்கிறோம்.

இறுதி இயல் இனப்பெருக்கம். பெண் தேரை பின்னங்கால்களால் அடித்து நுரை எழுப்பி, தண்ணீருக்கு மேலே ஒட்டி, முட்டைகளை அதற்குள் வைக்கும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் சொட்டும். நம் தொட்டிச் சுவரிலும் அத்தகைய நுரைக்கூடு ஒன்று கிடைத்தது. புகைப்படக் கருவி எடுத்துவருவதற்குள், துணி துவைத்த சோப்பு நுரை என்று நினைத்து அத்தை துடைத்துவிட்டபடியால், இவ்வியல் இத்துடன் நிற்கிறது.