நூல்நிற இயல்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், துண்டுத் துணிகளைக் கூட்டிப் போர்வை செய்வார் எந்நிற நூல் கொள்வது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதே நூல் என்றிருப்பாருக்கு இதில் ஒன்றும் இல்லை. அவர்கள் இப்போதே போய்த் தைக்கத் தொடங்கலாம்.

போர்வையில் ஊசிக்கு இரண்டு வேலை. துண்டோடு துண்டைச் சேர்ப்பது ஒன்று. அப்படிச் சேர்த்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி மூன்றையும் பிணைத்து மேலோடித் தைப்பது மற்றொன்று. முன்னதன் நூல் கால் அங்குல மடிப்புக்குள் கிடந்தே ஆயுளைக் கழிக்கும். பின்னது மேலே நின்று ஊர் பார்க்கும். ஆகவே நூல் இருவகைப்படும்: மறைநூல், காண்நூல். மறைந்திருக்க வேண்டியது வெளியே தலைகாட்டுமாயின் அதை மூன்றாம் வகையாக எண்ணலாமோ எனின், அது வகையன்று, வழு.

மறைநூலுக்கு உரிய நிறம் சாம்பல். இதைச் சொன்னதும் புதிதாகத் தைக்க வருபவர் முகம் வாடிவிடும். இத்தனை நிறத் துணி வாங்கியது சாம்பல் நூலுக்கா என்று. காரணம் உண்டு. மறைநூல் ஒரே நேரத்தில் இரண்டு துணிகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அரக்கோடு மாம்பழ மஞ்சளைச் சேர்த்தால் அரக்கு நூல் மஞ்சளில் உறுத்தும், மஞ்சள் நூல் அரக்கில் உறுத்தும். வெள்ளை நூலோ, தையல் சற்று இளகிய இடத்தில் கருந்துணிகளுக்கு நடுவே பல்லைப்போல் இளிக்கும். கறுப்பு நூல் வெளிர்த்துணிக்கு அடியில் கோடாக நிழலாடும். சாம்பல் எந்தத் துணிக்கும் உறவில்லை, அதனால் எதற்கும் பகையில்லை. துணிகள் பெரும்பாலும் வெளிர் எனில் சந்தன நிறம், பெரும்பாலும் கருமை எனில் கருஞ்சாம்பல். இவற்றைச் சாம்பலின் உட்பிரிவுகளாகவே கொள்க. இரண்டு நூலுக்கிடையே ஐயம் வந்தால் இருண்டதை எடுக்க வேண்டும். இணைப்பின் பள்ளத்தில் எப்படியும் நிழல் விழுகிறது. இருண்ட நூல் அந்த நிழலோடு போய்விடும், வெளிர்நூல் அங்கும் வெளிச்சத்தைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.

ஒவ்வோர் இணைப்புக்கும் அதனதன் நிறத்தில் நூல் மாற்ற வேண்டும் என்பது பொருத்தவாதிகள் மதம். அற்றன்று. ஊசியில் ஒரு முறை கோத்து, பாபினில் ஒரு முறை சுற்றி, மறுபடி கழற்றி, இவர்கள் தைத்த நேரத்தைவிடக் கோத்த நேரமே மிகுதி. தெருமுனைத் தையல்காரரைப் பாருங்கள். மிஷினில் ஏற்கெனவே எந்தக் கோன் இருக்கிறதோ அதிலேயே ரவிக்கையின் லைனிங்கை அடித்து முடித்துவிடுகிறார். அவர் சாம்பல்வாதி அல்லர். கொள்கை என்று அவருக்கு எதுவுமே கிடையாது. ஆயினும் பொருத்தவாதத்தை அவரளவுக்கு மறுத்தவர் இலர்.

இனி நூல் கொள்வாரது இயல்பு. ஃபேன்ஸி ஸ்டோருக்கும் மேட்சிங் சென்டருக்கும் வருவோர் நால்வர்: துணியோடு வருவார், துணுக்கு கொடுத்தனுப்புவார், நினைவோடு வருவார், வெயிலுக்குப் போவார். முதலிருவர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துணுக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன கணவர் அதை எங்கோ தொலைத்துவிட்டு மூன்றாம் வகையாக மாறிவிடுவது மட்டும் அடிக்கடி நிகழும்.

நினைவோடு வருவாரே ஆராய்ச்சிக்கு உரியவர். இவர் கடை வாசலிலேயே நிறத்தின் பெயரைச் சொல்வார்: கிளிப்பச்சை, வாடாமல்லி, எம்.எஸ். ப்ளூ. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் அந்தக் காஞ்சிபுர நீலம் எல்லார் மனத்திலும் இருக்கிறது, ஆளுக்கொரு நீலமாக. கடைக்காரர் அந்த வரிசையில் ஐந்தாறு கண்டுகளை எடுத்துப் போட்டால் இவர் ஆறையும் சரி என்பார். கண்டின் முனையில் ஒட்டியிருக்கும் சீட்டில் நிறத்துக்கு எண் அச்சிட்டிருக்கும். நிறத்தின் பெயரை மறந்து அந்த எண்ணைக் குறித்துவைத்தால் அடுத்த தடவை இவ்வளவு பேச்சு வேண்டியிராது. ஆனால் எண்ணைச் சொல்லி நூல் கேட்பதில் என்ன சுவை இருக்கிறது என்பது இவர் கட்சி. அதுவும் நியாயமே.

இவ்வகையாரில் மயில்கழுத்து கேட்பார் மட்டும் குற்றமற்றவர். அந்தப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இப்படிப் பார்த்தால் நீலம், அசைத்தால் பச்சை. இதற்குப் பொருந்தும் நூல் எந்தக் கடையிலும் இல்லை. ஒரே இழை ஒரே இடத்தில் இரண்டு நிறமாக இருக்க முடியாது. பழம்பட்டை வெட்டிப் போர்வையில் சேர்ப்பவர்கள் பாவு, ஊடை இரண்டில் இருண்டது எதுவோ அதன் நிறத்தில் நூல் எடுத்தால் போதும்.

நான்காமவர் கண்டையும் துணியையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் போய் நிற்பவர். கடைப்பையன் சிரிப்பான். ஆனால் நால்வரில் இவரே அறிவுடையார். துணிக்கு ஏற்றிய சாயம் வேறு, நூலுக்கு ஏற்றிய சாயம் வேறு. டியூப்லைட்டின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் பகல் வெளிச்சத்தில் பிரிந்துபோகும். இவர் பிழை ஒன்றுதான்: கண்டைத் துணிமேல் வைத்துப் பார்க்கிறார். சுற்றிய கண்டில் இழைமேல் இழை அடுக்கி நிறம் அடர்ந்திருக்கும். ஒற்றை இழை தனியே வெளிறித்தான் கிடக்கும். ஒரு முழம் உருவித் துணிமேல் தளரவிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் கடைக்காரர் இடம் கொடாவிட்டால் துணியைவிட ஒரு படி இருண்ட கண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பக்கத்து நிறம் செய்யும் சூது இன்னும் பெரிது. 1824இல் பாரிஸின் கோப்லான் அரசு நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தார் மிஷேல் எழேன் ஷெவ்ரெல் என்ற வேதியியலார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் இடையே நெய்யும் கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று அவரிடம் புகார். சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குறையே இல்லை. நீலத்தின் பக்கத்தில் இருந்ததுதான் கறுப்பின் குற்றம். இதை ஆராயப் புகுந்தவர் 1839இல் நிறங்களின் உடன்முரண் பற்றி ஒரு தடித்த புத்தகமே வெளியிட்டார். பின்னர் 102 வயது வரை வாழ்ந்தார். மாமியார்கள் ‘இந்த நூல் அந்தத் துணியில் எடுபடலையே’ என்று ஒரு வரியில் முடித்துவிடும் விஷயம் அது.

காண்நூல் இணங்குவது, முரணுவது, குழம்புவது என மூன்று. இணங்குநூல் துணியின் நிறத்திலேயே ஓடும். பார்ப்பவருக்கு நூல் தெரியாது, பஞ்சு அமுங்கிய மேடுபள்ளம் மட்டும் தெரியும். கோணல் தையல் உள்ளவர்க்கு இது பெரும் புகல்.

முரண்நூல் துணிந்தவர்க்கு. ஜப்பானியரின் சஷிகோ தையலில் அவுரி நீலத்தின்மேல் வெள்ளை நூல். ஒரு தையல் நீண்டாலும் எட்டி நிற்பவருக்குத் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் தைத்த டிரிஸ்டன் கதைப் போர்வை லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துணியெல்லாம் வெளிர் லினன். வீரரும் கப்பலும் பழுப்பு நூலின் கோட்டால் எழுந்து நிற்கிறார்கள். வங்காளத்துக் காந்தா தைத்த பெண்கள் நூல் தேடிக் கடைக்கே போகவில்லை. பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமாக இழை உருவித் தைத்தார்கள். நூல் தெரிவில் இதற்கு மேற்பட்ட தீர்வை நான் அறியேன்: கரைக்கும் உடலுக்கும் பொருத்தம் பார்த்தவர் புடவை நெய்தவர், அந்தப் பொறுப்பு அவரோடு போயிற்று.

குழம்புநூல் என்பது ஒரே கண்டில் பல நிறம் மாறி மாறி வருவது. துணியோடு ஒத்த இடத்தில் மறையும், ஒவ்வாத இடத்தில் துள்ளும். ஒரே கோடு விட்டுவிட்டு ஓடும். ஒற்றை நிறத் துணியில் அழகு என்பார் உளர். இருக்கட்டும். நிறமற்ற நைலான் இழையும் உண்டு. அது வெயிலில் மின்னும், சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகும்; நிறமே இல்லாததால் இவ்வியலுக்கு அது புறம்பு.

கடைசியாகப் பாபின். மேல்நூல் ஒரு நிறமும் அடிநூல் வேறு நிறமுமாகப் போட்டால், டென்ஷன் கொஞ்சம் பிசகியதும் கீழ்நிறம் மேலே புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஆகவே டென்ஷனில் நம்பிக்கை இல்லாதவர் இரண்டிலும் ஒரே நிறம் இடுக. அப்படி இட்டால் மேலே பொருந்திய நூல் அடித்துணியில் உறுத்துமே எனின், உறுத்தும். அடித்துணிக்குப் பொருந்த எடுத்தால் மேலே உறுத்தும். இதில் பல பக்கம் வாதிக்க இடமுண்டு. அடித்துணியைப் பூப்போட்டதாக வாங்கிவிட்டால் எந்த நூலும் அதில் தெரியாது.